‘டிப்ரைவ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் பயன்பாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து ஆங்கிலத்தில் எழுதப்படும் கடிதங்களிலும் செயற்றிட்ட முன்மொழிவுகளிலும் ‘டிப்ரைவ்ட்’ என்ற சொல் தாராளமாகப் புழங்குகிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் நன்கொடையாளருக்கு எழுதும் வேண்டுகோள், மாதர் சங்கம் அரச சார்பற்ற நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பம், உயர்தர மாணவரின் ஆங்கிலக் கட்டுரை ஆகிய எல்லாவற்றிலும் அது இடம்பெறுகிறது. மாணவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் கிராம மட்ட அலுவலர்களும் அதைப் பற்றி வழமையாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

இச்சொல்லின் பொருள் என்ன?

உணவு, இருப்பிடம், கல்வி, மருத்துவம், பாதுகாப்பான குடிநீர், பராமரிக்கும் குடும்பம் என ஒரு சமூகம் எல்லோருக்கும் இருக்க வேண்டியவை என்று கருதுகின்றவற்றுள் ஒன்றோ பலவோ கிடைக்காத நிலையில் உள்ள ஆளையோ குடும்பத்தையோ இடத்தையோ ‘டிப்ரைவ்ட்’ என்ற பெயரடை குறிக்கிறது. அந்த நிலையைக் குறிக்கும் பெயர்ச்சொல் ‘டெப்ரிவேஷன்’ ஆகும்.

ஒன்று இல்லை என்பது மட்டும் இச்சொல்லுக்குப் போதாது. இருந்திருக்க வேண்டியது இல்லை என்ற குறிப்பும் அதனுள் இருக்கிறது. சொகுசுக் கார் இல்லாத நிலாவெளி விடுதி உரிமையாளரை ஆங்கிலத்தில் ‘டிப்ரைவ்ட்’ என்று சொன்னால் அது கேலியாகவே ஒலிக்கும். கிணற்று நீர் உவர்த்துப்போன கிராமத்தில் வேறு குடிநீர் வசதி இல்லாமல் வாழும் குடும்பத்தைப் பற்றிச் சொன்னால் சொல் சரியான இடத்தில் அமர்ந்துவிடும்.

இது எங்கிருந்து வந்தது?

தனக்கே உரியது, தனியானது என்று பொருள்படும் ‘பிரிவுஸ்’ என்ற இலத்தீன் அடிச்சொல்லிலிருந்து ‘பிரிவாரே’ என்ற வினை பிறந்தது; அதற்கு ஒன்றை ஒருவரிடமிருந்து நீக்குதல், பறித்தல் என்று பொருள். ‘பிரைவேட்’, ‘பிரிவிலெஜ்’ ஆகிய ஆங்கிலச் சொற்களும் அதே அடியிலிருந்து வந்தவை. ஆகவே சலுகையைக் குறிக்கும் சொல்லும் இழப்பைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரின் இரண்டு கிளைகள். பழைய ஆங்கிலப் பயன்பாட்டில் திருச்சபைக் குருவானவர் ஒருவரின் பதவியையும் அதற்குரிய வருமானத்தையும் நீக்குவதற்கு இவ்வினை வழங்கியது. அங்கே நீக்கிய அதிகாரம் யார், நீக்கப்பட்டவர் யார், நீக்கப்பட்டது எது என்ற மூன்றும் தெளிவாக இருந்தன.

சமூக நிலையைக் குறிக்கும் இன்றைய பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வலுப்பெற்றது. பெற்றோருடன் இயல்பான இல்வாழ்வை இழந்த பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்த பிரித்தானியாவின் கர்ட்டிஸ் குழு 1946இல் அறிக்கை சமர்ப்பித்தது; அக்குழு ஆராயவேண்டிய பிள்ளைகளை வரையறுத்த தொடரிலேயே ‘டிப்ரைவ்ட்’ என்ற சொல் இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரித்தானியச் சிறுவர் சட்டம் அந்த அறிக்கையைத் தொடர்ந்து வந்ததாகும். அதன் பின்னர் இச்சொல் பிள்ளைகளிலிருந்து குடும்பங்களுக்கும், குடும்பங்களிலிருந்து நகரப் பகுதிகளுக்கும் பரவியது. பரவப் பரவ, நீக்கியவர் யார் என்ற விபரம் சொல்லிலிருந்து உதிர்ந்துபோனது.

வாக்கியத்தில் இதை எவ்வாறு அமைக்க வேண்டும்?

நமது மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுவாகையால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழில் ‘பறி’ என்ற வினை பறிக்கப்பட்ட பொருளைச் செயப்படுபொருளாகக் கொள்ளும். ‘எங்கள் காணியைப் பறித்தார்கள்’ என்கிறோம். அதே அமைப்பை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ‘தே டிப்ரைவ்ட் அவர் லேண்ட்’ என்று எழுதினால், காணியானது எதையோ இழந்தது என்ற பொருளே வரும். ஆங்கில வினை இழந்த ஆளையே செயப்படுபொருளாகக் கொள்கிறது. இழந்த பொருள் ‘ஒஃப்’ என்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின்னால்தான் வர வேண்டும். ஆகவே ‘தே டிப்ரைவ்ட் அஸ் ஒஃப் அவர் லேண்ட்’ என்பதே சரி. ‘ஒஃப்’ வரவேண்டிய இடத்தில் ‘ஃப்ரொம்’ எழுதுவதும் பிழை.

செயப்பாட்டு வினையில் இது ‘வீ வேர் டிப்ரைவ்ட் ஒஃப் அவர் லேண்ட்’ என்றாகும். செய்தவரைச் சொல்ல விரும்பாதவர்களுக்கு இவ்வடிவம் வசதியானது. அரச அறிக்கைகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் இதையே அதிகம் காணலாம். பெயரடையாக்கி ‘எ டிப்ரைவ்ட் ஃபெமிலி’ என்று சுருக்கும்போது செய்தவரோடு சேர்ந்து இழந்த பொருளும் மறைந்துவிடுகிறது. எடுத்துக்காட்டாக, சம்பூர் மக்கள் 2006ஆம் ஆண்டுப் போரில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி போன்ற இடங்களிலிருந்த முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, 2015, 2016 ஆகிய ஆண்டுகளிலேயே தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர். அந்த இடைக்காலத்தில் அவர்களை வெறுமனே ‘டிப்ரைவ்ட் பீப்பிள்’ என்று எழுதிய ஒருவர், அவர்கள் இழந்தது வயலையும் வீட்டையும் கடற்றொழில் செய்த கரையையும் என்பதை வாசகருக்குச் சொல்லத் தவறியிருப்பார். சோறும் துணியும் கொடுத்தால் தீர்ந்துவிடும் குறையாக அது தோன்றியிருக்கும். எனவே பெயரடையை முதல் வாக்கியத்தில் பயன்படுத்தினாலும், அடுத்த வாக்கியத்திலாவது ‘ஒஃப்’ சேர்த்து எது இல்லை என்று சொல்லிவிடுவதே முறையாகும்.

இவ்வினை நல்லவற்றை இழப்பதற்கு மட்டுமே உரியது. கடனையோ நோயையோ இழந்தவரை இச்சொல்லால் குறிப்பதில்லை.

‘புவர்’ என்பதும் ‘டிப்ரைவ்ட்’ என்பதும் ஒன்றா?

அன்றாடப் பேச்சில் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. ஆய்விலும் கொள்கை ஆவணங்களிலும் அவை வேறுவேறு. ‘புவர்’ என்பது பெரும்பாலும் பணத்தால் அளக்கப்படுகிறது. இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக்கோடு 2019இல் ஆளொருவருக்கு மாதம் 6,966 ரூபாவாக இருந்தது. அந்தக் கணிப்பின்படி நாட்டு மக்களில் 14.3 சதவீதத்தினர் கோட்டுக்குக் கீழே இருந்தனர். கோட்டுக்கு ஒரு ரூபா மேலே செலவிடக்கூடியவர் அந்தக் கணக்கில் ஏழையல்லர்.

‘டெப்ரிவேஷன்’ பணத்தை நேரடியாக எண்ணாது, பணத்தாலோ அரச சேவையாலோ கிடைத்திருக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மையமொன்றும் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் 2010 முதல் வெளியிட்டுவரும் உலகப் பல்பரிமாண வறுமைச் சுட்டெண்ணில் இச்சொல் கலைச்சொல்லாகவே பயன்படுகிறது. அதில் பத்து அளவுகோல்கள் உள்ளன. போசாக்கு, சிறுவர் இறப்பு, கல்வி கற்ற ஆண்டுகள், பாடசாலை வரவு ஆகிய நான்கிற்கும் தலா ஆறில் ஒரு பங்கு நிறை; சமையல் எரிபொருள், மலசலகூடம், குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள் ஆகிய ஆறிற்கும் தலா பதினெட்டில் ஒரு பங்கு நிறை. வெருகல் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்கள் விறகில் சமைக்கிறார்கள், பாதுகாப்பான குடிநீர் அருகில் இல்லை, வீட்டின் தரை மண். மூன்று அளவுகோல்களிலும் அவர்கள் ‘டிப்ரைவ்ட்’. ஆனால் மூன்றையும் கூட்டினால் ஆறில் ஒரு பங்குதான் வருகிறது. மூன்றில் ஒரு பங்கை எட்டினால்தான் அச்சுட்டெண் ஒரு குடும்பத்தை ‘புவர்’ என்று வகைப்படுத்தும். அதே குடும்பத்தில் பள்ளிப் பருவத்துப் பிள்ளை ஒன்று இடைவிலகிவிட்டால் இன்னோர் ஆறில் ஒரு பங்கு சேர்ந்து அந்த மூன்றில் ஒரு பங்கு என்ற எல்லையை எட்டிவிடுகிறது. இத்துறையில் ஒருவர் ‘புவர்’ ஆகாமலே ‘டிப்ரைவ்ட்’ ஆக இருக்க முடியும் என்பதற்கு இந்தக் கணக்கே சான்று. இலங்கையும் 2019ஆம் ஆண்டின் வீட்டு வருமான, செலவு அளவீட்டுத் தரவுகளைக் கொண்டு தனக்கென ஒரு தேசியச் சுட்டெண்ணைத் தயாரித்தது. அதன்படி பல்பரிமாண வறுமையில் இருந்தோர் 16 சதவீதத்தினர்.

பணக் கணக்கில் அகப்படாத இழப்புக்கு நமது மாவட்டத்தில் தேட வேண்டியதில்லை. 2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடிக்கப்படாத நிலையில் மக்கள் நம்பியிருந்த படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலை மாணவர்கள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். அந்தப் படகில் ஏறியவர்களுள் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஒன்று இருந்திருந்தாலும், பாதுகாப்பான பாதை என்ற ஒன்றை அந்தப் பிள்ளையும் இழந்தே இருந்தது. வறுமைக்கோடு அதைக் காட்டாது. ‘டெப்ரிவேஷன்’ என்ற சொல்லால் அதைச் சொல்ல முடியும்.

‘டிஸட்வான்டேஜ்ட்’, ‘அண்டர்பிரிவிலெஜ்ட்’, ‘மார்ஜினலைஸ்ட்’, ‘வல்னரபிள்’ என்பவற்றை இதற்குப் பதிலாக எழுதலாமா?

ஒவ்வொன்றும் வேறொன்றைச் சொல்கிறது. ‘டிஸட்வான்டேஜ்ட்’ என்பது ஒப்பீட்டுச் சொல். போட்டியொன்றில் மற்றவர்களைவிடப் பின்னால் நின்று தொடங்குபவரைக் குறிப்பது. திருகோணமலை வாசகர்களுக்கு இது வெறும் அகராதிச் சொல்லன்று. பல்கலைக்கழக அனுமதியில், கலைத்துறை போன்றவை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறுள் திருகோணமலையும் ஒன்று. மட்டக்களப்பும் அம்பாறையும் அவ்வாறே. ஆங்கில அறிவித்தலில் அம்மாவட்டங்களுக்குரிய அடைமொழி ‘டிஸட்வான்டேஜ்ட்’ என்பதாகும். அந்த இடத்தில் ‘டிப்ரைவ்ட்’ என்று மாற்றி எழுதினால் சட்டப்படி வரையறுக்கப்பட்ட ஒரு வகுப்பின் பெயரைச் சிதைத்ததாகிவிடும்.

‘அண்டர்பிரிவிலெஜ்ட்’ என்பது தொண்டு நிறுவனங்களின் கைச்சொல். அது மென்மையானது, மென்மையே அதன் குறை. அதை அப்படியே பெயர்த்தால் ‘சலுகை குறைந்தவர்’ என்று வரும். அடிப்படைத் தேவையைச் சலுகையாக்கிப் பேசுவது எனக்கு உவப்பானதன்று. ‘மார்ஜினலைஸ்ட்’ என்பது முடிவெடுக்கும் இடங்களிலிருந்து ஓரத்துக்குத் தள்ளப்பட்டவரைக் குறிப்பது. மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசி வாழும் கரையோர வேடர்களைப் பற்றி எழுதும்போது இச்சொல் பொருந்துகிறது. ஏனெனில் அவர்களிடம் இல்லாதவற்றைவிட, அவர்களுடைய குரல் எங்கும் எட்டாமல் இருப்பதே பெரிய செய்தி. ‘வல்னரபிள்’ இன்னும் நிகழாத இழப்பைக் குறிக்கும்: அடுத்த வெள்ளத்திலோ அடுத்த விலையேற்றத்திலோ விழக்கூடியவர். உப்புவெளியில் சுற்றுலாப் பயணிகளை நம்பி வாழும் படகோட்டி நல்ல பருவத்தில் ‘டிப்ரைவ்ட்’ அல்லர், ஆனால் ‘வல்னரபிள்’. 2022இன் பொருளாதார நெருக்கடி அந்த வேறுபாட்டைப் பலருக்கு ஒரே ஆண்டில் கற்பித்தது.

அஸ்வெசும பட்டியலில் ‘டிப்ரைவ்ட்’ என்று ஒரு பிரிவு உண்டா?

இல்லை. 2023இல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் குடும்பங்களை இடைநிலையினர், பாதிக்கப்படக்கூடியோர், வறியோர், மிகவும் வறியோர் என்ற நான்கு பிரிவுகளாக வகுத்தது. பிரிவின் பெயரை ஆங்கிலக் கடிதத்தில் எழுத வேண்டுமானால் அத்திட்டத்தின் ஆங்கிலப் பெயரையே எழுத வேண்டும். நமக்குப் பிடித்த சொல்லை அங்கே நுழைத்தால் பிரதேச செயலகத்தில் வீண் கேள்விகளுக்கு வழிவகுக்கும். எனினும், தெரிவுக்காகக் கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றைப் பற்றி அத்திட்டம் கேட்ட கேள்விகளின் பின்னே இருப்பது மேலே சொன்ன ‘டெப்ரிவேஷன்’ என்ற சிந்தனைதான்.

தமிழில் இதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது?

ஒரே சொல்லை எல்லா இடத்துக்கும் பொருத்த முயல்வதுதான் இங்கே சிக்கல். இல்லாமையைக் குறிக்கத் தமிழில் பழஞ்சொற்களுக்குப் பஞ்சமில்லை: இன்மை, வறுமை, நல்குரவு, மிடி, இலம்பாடு. இவை எல்லாம் நிலையைச் சொல்கின்றனவே தவிர, அந்நிலைக்கு ஆளாக்கியது எது என்ற குறிப்பைத் தருவதில்லை. பேச்சு வழக்கிலுள்ள ‘கஷ்டப்பட்ட சனம்’, ‘வசதியில்லாத ஆக்கள்’ என்பனவும் அப்படித்தான்.

ஆவணங்களில் அதிகம் காணப்படும் ‘பின்தங்கிய’ என்ற சொல்லைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. தங்கியவர் தாமாகவே தங்கிவிட்டார் என்பது போல அது ஒலிக்கிறது. ‘பின்தள்ளப்பட்ட’ என்று எழுதினால் மூலச்சொல்லின் செயப்பாட்டுத் தன்மை காக்கப்படும். பொதுப் பயன்பாட்டுக்கு ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட’, ‘அடிப்படை வசதிகள் கிடைக்காத’ என்ற தொடர்களை நான் விரும்புகிறேன். முன்னது காரணம் மனிதச் செயலாக இருக்கும்போதும், பின்னது காரணத்தைத் துணிந்து சொல்ல முடியாதபோதும் பொருந்தும். ‘ஒடுக்கப்பட்ட’ என்பது மிகையான மொழிபெயர்ப்பு. அதற்குரிய ஆங்கிலச் சொல் வேறு. ‘பிற்படுத்தப்பட்ட’ என்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் தமிழ்நாட்டில் அது சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டுப் பிரிவொன்றின் சட்டப் பெயர்; இணையத்தில் வாசிப்பவர் எக்கரையில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. பிள்ளைகளைப் பற்றி வரும்போது ‘பெற்றோர் பராமரிப்பை இழந்த’, நிலத்தைப் பற்றி வரும்போது ‘காணி இழந்த’ என்று இழந்ததையே பெயராக்கிவிட்டால் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

‘கஷ்டப் பிரதேசப் பாடசாலை’யை ‘டிப்ரைவ்ட் ஸ்கூல்’ என்று எழுதலாமா?

அரச வகைப்படுத்தலில் ‘கஷ்ட’, ‘அதிகஷ்ட’ என்று குறிக்கப்படும் பாடசாலைகளுக்கு ஆங்கிலத்தில் ‘டிஃபிகல்ட்’, ‘வெரி டிஃபிகல்ட்’ என்பன வழங்குகின்றன. ஆசிரியர் இடமாற்றமும் கொடுப்பனவும் சார்ந்த கடிதங்களில் அவற்றையே எழுத வேண்டும். ஆனால் வெளிநாட்டு நன்கொடையாளர் ஒருவர் ‘டிஃபிகல்ட் ஸ்கூல்’ என்று வாசித்தால், மாணவர்கள் கட்டுக்கடங்காத பாடசாலை என்றே எடுத்துக்கொள்வார். அத்தகைய வாசகருக்கு எழுதும்போது அரச வகைப்பாட்டின் பெயரைச் சொல்லி, பேருந்து வராத பாதை, விஞ்ஞான ஆசிரியர் இல்லாத நேரசூசி, ஆசிரியர் விடுதி இல்லாமை என்று காரணத்தையும் ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும். ‘டிப்ரைவ்ட் ஸ்கூல்’ என்ற தொடர் ஆங்கிலத்தில் பிழையன்று. எனினும் தனியே நிற்கும்போது அது ஒன்றையும் விளக்குவதில்லை.

ஒரு பிரதேசம் முழுவதையும் ‘டிப்ரைவ்ட்’ என்று சொல்வது சரியா?

ஆங்கிலத்தில் அது மிகவும் வழக்கமான பயன்பாடு. இங்கிலாந்தில் வருமானம், வேலைவாய்ப்பு, கல்வி, சுகாதாரம், குற்றச்செயல், வீட்டு வசதியும் சேவைகளும், வாழிடச் சூழல் ஆகிய ஏழு துறைகளைக் கொண்டு சிறு பகுதிகளைத் தரவரிசைப்படுத்தும் உத்தியோகபூர்வச் சுட்டெண் ஒன்று உண்டு. 2019ஆம் ஆண்டுப் பதிப்பு 32,844 சிறு பகுதிகளை அவ்வாறு வரிசைப்படுத்தியது. அந்தச் சுட்டெண்ணை வெளியிடுவோரே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே தருகிறார்கள்: இழப்பு மிகுந்த பகுதியில் வாழும் எல்லோரும் இழப்புக்குள்ளானவர்கள் அல்லர், இழப்புக்குள்ளான எல்லோரும் அத்தகைய பகுதிகளில் வாழ்வதுமில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. பட்டினமும் சூழலும் பிரிவில் முன்னணிப் பாடசாலையொன்றுக்கு நடந்துபோகும் மாணவியும், வெருகலிலிருந்தோ கோமரங்கடவலவிலிருந்தோ உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு வழிதேடும் மாணவனும் பல்கலைக்கழக அனுமதியில் ஒரே பின்தங்கிய மாவட்டத்தின் பெயரால் ஒரே ஐந்து சதவீதத்துக்குப் போட்டியிடுகிறார்கள். மாவட்டத்துக்குக் கொடுத்த அடைமொழியால் கிடைத்த நன்மையை மாவட்டத்துக்குள்ளேயே வசதி கூடியவர்கள் முதலில் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதுபோலவே பட்டினத்தின் கடலோரக் குடியிருப்புகளில் நெருக்கடியில் வாழும் குடும்பங்கள் ‘நகரப் பகுதி’ என்ற பெயரால் பார்வையிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆகவே இடத்தைச் சொல்லும்போது எவ்வளவு சிறிய அலகைச் சொல்ல முடியுமோ அவ்வளவு சிறிய அலகைச் சொல்லுங்கள்; மாவட்டத்தைவிடப் பிரதேச செயலகப் பிரிவு மேல், அதைவிடக் கிராம அலுவலர் பிரிவு மேல்.

‘ரிலேட்டிவ் டெப்ரிவேஷன்’ என்பது என்ன?

உயிர்வாழத் தேவையானவை இருந்தும், சுற்றியுள்ளோர் இயல்பாக வாழும் வாழ்வில் பங்குகொள்ள முடியாத நிலை அது. ஒரு கூலித் தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் வெளியே தலைகாட்ட வெட்கப்படுவார் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதியிருந்தார். பிரித்தானியச் சமூகவியலாளர் பீட்டர் டவுன்சென்ட் 1979இல் வெளியிட்ட ஆய்வில் இக்கருத்தை அளவிடக்கூடியதாக மாற்றினார். குளிர்சாதனப் பெட்டி இல்லாமை, கடந்த பிறந்தநாளில் பிள்ளைக்கு விருந்து வைக்காமை போன்றவை அவருடைய அளவுகோல்களுள் இருந்தன. பிறந்தநாள் விருந்து வைக்காதது வறுமையாலா விருப்பத்தாலா என்று எப்படிப் பிரித்தறிவது என எழுந்த மறுப்பு நியாயமானதே. பொருளியலாளர் அமர்த்தியா சென் இன்னொரு வழியில் சென்று, கையில் என்ன இருக்கிறது என்பதைவிட அதைக்கொண்டு ஒருவர் என்ன செய்யக்கூடியவராக இருக்கிறார் என்பதே முதன்மையானது என்றார்.

நம்மிடையே இதற்கு நேர்ச்சான்று பாடசாலைச் சப்பாத்து. செருப்போடு வந்தாலும் பாடம் காதில் விழும்; ஆனால் வகுப்பில் எல்லோரும் வெள்ளைச் சப்பாத்தோடு நிற்கும்போது செருப்போடு நிற்கும் பிள்ளை காலைக்கூட்டத்தைத் தவிர்க்கத் தொடங்கும், பிறகு பாடசாலையையே தவிர்க்கும். இலவசப் பாடநூலும் சீருடைத் துணியும் கொடுத்த பிறகும் பாதணி வவுச்சர் தேவைப்பட்டது இதனால்தான். சீனக்குடாவிலோ மூதூரிலோ ஒரு வகுப்பாசிரியரைக் கேட்டால் இந்தக் கோட்பாட்டைப் பெயர் தெரியாமலே விளக்குவார்.

ஆட்களை நேரடியாக ‘த டிப்ரைவ்ட்’ என்று அழைப்பது மரியாதையா?

இலக்கணப்படி சரி, அது பன்மையாகக் கொள்ளப்பட்டு ‘ஆர்’ என்ற வினையோடு வரும். மரியாதை என்று பார்த்தால் தவிர்ப்பதே நன்று. பரிசளிப்பு மேடையில் பதாகையொன்றில் அச்சொல்லை எழுதி, அதன் கீழே பிள்ளைகளை நிறுத்தி, புத்தகப்பை கொடுத்துப் படம்பிடித்து முகநூலில் ஏற்றுவது இப்போது பெருகிவிட்டது. அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் புரியாது என்ற துணிவு அதன் பின்னால் இருக்கிறது. பத்து ஆண்டுகளில் அந்தப் பிள்ளை அதை வாசிக்கும். அறிக்கையில் தேவைப்பட்டால் ‘சில்ட்ரன் ஹூ ஆர் டிப்ரைவ்ட் ஒஃப் சேஃப் டிரிங்கிங் வோட்டர்’ என்பது போல ஆளை முன்னும் இழப்பைப் பின்னும் வைத்து எழுதலாம். பதாகைக்கு நிகழ்ச்சியின் பெயர் போதும்.

‘டிப்ரைவ்ட்’, ‘டிப்ரேவ்ட்’ இரண்டும் ஒன்றா?

ஒன்றல்ல, குழப்பினால் விபரீதமாகும். ‘டிப்ரேவ்ட்’ என்றால் ஒழுக்கம் கெட்டவர் என்று பொருள். எழுத்தில் இவற்றைப் பிரிப்பது நடுவிலுள்ள ஓர் உயிரெழுத்து மட்டுமே. கைப்பேசியில் தட்டச்சிடும்போது பிழைதிருத்தி இதைக் கண்டுகொள்ளாது, ஏனெனில் இரண்டும் சரியான சொற்கள். ‘எங்கள் கிராமத்துச் சிறுவர்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், உதவுங்கள்’ என்று கடிதம் போய்விடக் கூடாதென்றால் அனுப்புமுன் வேறொருவரிடம் காட்டுங்கள். உச்சரிப்பில் ‘ப்ரைவ்’ என்ற அசையில் அழுத்தம் கொடுக்க வேண்டும். பெயர்ச்சொல்லான ‘டெப்ரிவேஷன்’ என்பதிலோ அழுத்தம் ‘வே’ என்ற அசைக்கு நகர்கிறது.

சமூகம் சாராத வேறு இடங்களிலும் இது வருமா?

வரும். போதிய தூக்கம் கிடைக்காத நிலையை ‘ஸ்லீப் டெப்ரிவேஷன்’ என்பார்கள். தாயின் பராமரிப்பை நீண்டகாலம் இழந்த குழந்தைகளைப் பற்றி பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பி உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கைக்குப் பின்னர் ‘மெட்டேர்னல் டெப்ரிவேஷன்’ என்பது உளவியலில் நிலைபெற்றது. சட்ட மொழியில் ஒருவரைத் தடுத்துவைப்பதை ‘டெப்ரிவேஷன் ஒஃப் லிபர்ட்டி’ என்று குறிப்பதுண்டு. இவை எல்லாவற்றிலும் எது இழக்கப்பட்டது என்பது தொடரிலேயே சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள்.

புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் ‘நான் ஒரு டிப்ரைவ்ட் ஏரியாவிலிருந்து வருகிறேன்’ என்று எழுதலாமா?

எழுதலாம், ஆனால் அதே வரியை எழுதிய விண்ணப்பங்கள் தெரிவுக் குழுவின் மேசையில் ஏற்கெனவே குவிந்திருக்கும். அவ்வரியை விட்டுவிட்டு இவ்வாறு எழுதுவதை எண்ணிப்பாருங்கள்: ‘எங்கள் கிராமத்துப் பாடசாலை சாதாரண தரத்துடன் முடிகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி தரப் பாடசாலைகளில் மட்டுமே இருப்பதால் நான் பட்டினத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தேன். ஆய்வுகூடப் பயிற்சி எனக்குப் பதினேழாவது வயதில்தான் முதன்முறையாகக் கிடைத்தது.’ இதில் அந்தச் சொல் எங்கும் இல்லை. எது கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை, அதை எப்படி ஈடுசெய்தீர்கள் என்ற மூன்றும் இருக்கின்றன. படிவத்தில் ‘டிஸட்வான்டேஜ்ட் டிஸ்ட்ரிக்ட்’ என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால் அதில் தயங்காமல் அடையாளமிடுங்கள், ஏனெனில் திருகோணமலை அந்தப் பட்டியலில் உள்ளது.